ஜாக்கெட் முதலில், ரைஃபிள் கடைசியில்: பிரிட்டனில் ஸ்மால்போர் சுடக் கற்பது

பிரிட்டனில் ஸ்மால்போர் என்றால் .22 ரிம்ஃபயர் ரைஃபிளை (0.22 அங்குலக் குழல், தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிப்பது) பாயில் படுத்துச் சுடுவது. குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் 25 கெஜம். கோடையில் வெளியே 50 மீட்டர், 100 கெஜம். நின்றும் முட்டி போட்டும் படுத்தும் சுடும் மூன்று நிலைப் போட்டியும் உண்டு. பிரிட்டிஷ் வீரர் மால்கம் கூப்பர் 1984இலும் 1988இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றது அதில்தான். ஆனால் ஊர்க் கிளப்புகளில் நடப்பது பெரும்பாலும் படுத்துச் சுடுவதுதான். 2016 ரியோவோடு அந்தப் போட்டியை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே அதற்காக யாரும் பாயைச் சுருட்டவில்லை.

சேர வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரைஃபிள் வாங்கலாம்?" அந்தக் கேள்வியைத் தள்ளிப் போடுங்கள். உள்துறை அமைச்சகத்தின் அனுமதி பெற்ற கிளப்பில் கிளப் ரைஃபிளைச் சுட உங்களுக்குத் தனி உரிமம் வேண்டாம். சேரும்போது, 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தடுக்கும் ஆள் நானல்ல என்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர்களை அந்தப் பிரிவு தடுக்கிறது. உங்கள் பெயரையும் முகவரியையும் கிளப் போலீசுக்குத் தெரிவிக்கும். பிறகு குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் காலம். ஒழுங்காக வருவதும் கணக்கில் சேரும், எனவே வந்த அன்றெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோமா என்று பாருங்கள். பின்னாளில் உரிமம் கேட்கும்போது போலீஸ் கிளப்பிடம் விசாரிப்பது இதைத்தான்.

பாதுகாப்புப் பழக்கங்கள் சீக்கிரம் பிடிபடும். சுடாத நேரமெல்லாம் போல்ட் (தோட்டா அறையை மூடும் தாழ்) திறந்து, பிரீச்சில் (தோட்டா நுழையும் வாயில்) வண்ணக் கொடி செருகியிருக்க வேண்டும். "ஸ்டாப்" என்று யார் கத்தினாலும் விரல் வெளியே, போல்ட் திறப்பு. தோட்டா வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருந்து பிறகு திறக்கவும். முடிந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், ஈயத்தூள் போகும். தின்பதும் குடிப்பதும் அதற்குப் பிறகுதான்.

நேரம் தின்பது படுக்கை நிலை. இலக்கை நோக்கிய கோட்டுக்குச் சற்றுச் சாய்வாக உடம்பு, வலது முழங்காலை மடக்கிக் கொஞ்சம் மேலே இழுத்தால் வயிறு பாயிலிருந்து எழும்பி மூச்சு சுலபமாகும். (இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படியுங்கள்.) ரைஃபிளின் எடையை இடது கை தூக்கக் கூடாது, மேற்கையையும் ரைஃபிளையும் இணைக்கும் ஸ்லிங் வார்தான் தாங்க வேண்டும். வார் தளர்ந்திருந்தால் தசை வேலை செய்யத் தொடங்கும். ஐந்தாவது குண்டில் நடுங்கும். மேற்கையில் தமனி ஓடும் இடத்தில் வார் அழுத்தினால் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் முன் சைட் (குழல் நுனியில் உள்ள குறி வளையம்) குதிக்கும். வாரைச் சற்றுச் சுற்றியோ மேலே ஏற்றியோ பாருங்கள். தடித்த ஜாக்கெட் இல்லாமல் இதைச் சரிசெய்யவே முடியாது. அதனால்தான் முதலில் வாங்க வேண்டியது பழைய ஜாக்கெட்டும் கையுறையும். ஜாக்கெட் படுத்தால் இறுகாமல், எழுந்தால் தொங்காமல் இருக்க வேண்டும். பட்டன் போட்டபடி கடையில் படுத்துப் பாருங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்தது, ரைஃபிள் தானாக எங்கே பார்க்கிறது என்பது. குறி வைத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தித் திறங்கள். கருப்பு வட்டம் வலப்பக்கம் நழுவி நின்றால் கையால் இழுக்காதீர்கள். இடது முழங்கையை அசைக்காமல் இடுப்பை மட்டும் நகர்த்துங்கள். குழல் வலப்பக்கம் போக, இடுப்பு இடப்பக்கம் போக வேண்டும். ஏற்ற இறக்கத்துக்கு ஹேண்ட் ஸ்டாப், அதாவது இடது கை முட்டி நிற்கும் தடுப்பு: முன்னே தள்ளினால் குழல் இறங்கும், பின்னே இழுத்தால் ஏறும்.

25 கெஜக் கார்டில், அதாவது இலக்கு அட்டையில், பத்து வட்டம், வட்டத்துக்கு ஒரு குண்டு, மொத்தம் 100 புள்ளி. வட்டங்கள் கார்டெங்கும் பரவியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தியே ஆக வேண்டும். புதியவர்கள் முதல் வட்டத்துக்குச் சரியாகப் படுத்து, மிச்சத்தை மணிக்கட்டால் தள்ளிச் சுடுவார்கள். பத்தாவது வரும்போது எல்லாக் குண்டும் ஒரே பக்கம் ஒதுங்கியிருக்கும். சைட்டைத் திருகினால் அடுத்த கார்டு இன்னும் கெடும். குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டால் மூச்சை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிறுத்துகிறீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் கன்னம் ஒரே இடத்தில் படியவில்லை. குறி வைத்து எட்டு வினாடிக்குள் வெடிக்காவிட்டால் இறக்கி மூச்சு விடுங்கள். உற்று உற்றுப் பார்த்தால் இல்லாத வட்டத்தைக் கண் காட்டும்.

முன் சைட் வளையத்தைச் சிறிதாக்கினால் துல்லியம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. எங்கள் அனுபவத்தில் நேர் எதிர்: வட்டத்தைச் சுற்றி வெள்ளை நன்றாகத் தெரியும் பெரிய வளையம்தான் தொடக்கத்தில் கைகொடுக்கும்.

லீக் பெரும்பாலும் அஞ்சல் வழி. உங்கள் கிளப்பில் சாட்சி முன்னிலையில் சுட்டு, கார்டில் சாட்சி கையெழுத்திட்டு, லீக் நியமித்த மதிப்பீட்டாளருக்கு அனுப்புவார்கள். சராசரியை வைத்துப் பிரிவு என்பதால், 88 சுடுபவர் 88 சுடுபவரோடுதான் மோதுவார். ஒரே வட்டத்தில் இரண்டு குண்டு போனால் புள்ளி வெட்டு உண்டு. எந்த வட்டம் முடிந்தது என்பதை ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு பக்கத்தில் வைத்த ஸ்கோப்பில் (தொலைநோக்கியில்) பாருங்கள், நினைவை நம்பாதீர்கள்.

சொந்த ரைஃபிள் வேண்டுமென்றால், முழு உறுப்பினரான பிறகு உள்ளூர் போலீசிடம் விண்ணப்பம். சான்று சொல்ல இரண்டு பேர், உங்கள் மருத்துவரின் உடல்நலத் தகவல், வீட்டுக்கு வந்து துப்பாக்கி அலமாரியைப் பார்க்கும் அதிகாரி. பழைய தண்டனைகளை, காலாவதி ஆனவற்றையும், மறைக்காமல் எழுதுங்கள். மறைத்ததே மறுக்கக் காரணமாகும். பிஎஸ் 7558 என்ற பிரிட்டிஷ் தரத்து இரும்பு அலமாரியைச் செங்கல் சுவரில் போல்ட் போட்டு முடுக்கினால் கேள்வி குறையும். சாவி இருக்கும் இடம் வீட்டில் வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

படிவத்தில் பலர் சறுக்கும் இடம் தோட்டா எண்ணிக்கை. வைத்திருக்கும் அளவு, ஒரே நேரத்தில் வாங்கும் அளவு என்று இரண்டு எண் உண்டு. இரண்டையும் 1000 என்று போட்டால், கையில் 200 மிச்சம் இருக்கும்போது புதிய 1000 வாங்க முடியாது. வைத்திருக்கும் அளவைத் தாராளமாகக் கேளுங்கள். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா வேறு. ஒரே பெயரில் வரும் தோட்டாவிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி குண்டுகள் குவியும் நெருக்கம் மாறும். எனவே இரண்டு மூன்று தொகுதியில் தொகுதிக்கொரு பெட்டி, அதாவது 50 தோட்டா, சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியில் மொத்தமாக வாங்குவது வழக்கம். விலை உயர்ந்த தோட்டா 85 புள்ளிக்காரரை 95க்கு ஏற்றாது.

முதல் ரைஃபிளாகப் பழைய அன்ஷூட்ஸ் போதும், பர்மிங்ஹாமில் செய்த பிஎஸ்ஏ மார்டினியும் மோசமில்லை. வாங்குமுன் தோளில் பதியும் பட் பிளேட் உங்கள் நீளத்துக்கு வருகிறதா, பின் சைட் திருகு ஒவ்வொரு கிளிக்கிலும் உறுதியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஆயுதம் நேரில் கைமாற வேண்டும், விற்பவர் உங்கள் உரிமத்தில் விவரத்தை எழுத வேண்டும். பிறகு ஏழு நாளுக்குள் விற்றவரும் வாங்கியவரும் தனித்தனியாகப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும்.