கை தூக்காமல் எடுத்த முடிவு

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மௌனம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். மேற்குச் சுவரிலிருந்து தோசைக்கல் அகலத்துக்குப் பூச்சு கழன்று, காலியாக இருந்த பெஞ்சில் விழுந்து உடைந்தது. யாரும் எழவில்லை. தூசி அடங்கும் வரை பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டில் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. உள்ளுக்குள் உந்துதல் வந்தவர் எழுந்து பேசலாம். யாருக்கும் வராவிட்டால் ஒரு மணி நேரமும் மௌனம்தான். கடைசியில் மூத்தவர்கள் இருவர் கைகுலுக்கி முடித்ததும், "இன்றைக்குச் சுவர் பேசிவிட்டது" என்றார் ஒருவர்.

நான் இருப்பது வட இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாரே என்று ஒருநாள் போனவன், அந்தப் பேச்சில்லாத ஒரு மணி நேரம் பிடித்துப்போய் ஒன்பது வருடமாகப் போகிறேன். உறுப்பினர் இல்லை, வந்துபோகிறவன். ஆனாலும் கட்டடக் குழுவுக்கு ஆள் போதவில்லை என்று என்னையும் சேர்த்திருந்தார்கள்.

1689-இல் சகிப்புச் சட்டம் வந்தபின், இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டண்டுகளும் இடத்தைப் பதிவு செய்துகொண்டு வெளிப்படையாகக் கூடலாம் என்று ஆயிற்று. அதற்கப்புறம் ஊரூராக எழும்பிய மீட்டிங் ஹவுஸ்களில், அதாவது குவேக்கர்களின் வழிபாட்டு வீடுகளில், எங்களுடையதும் ஒன்று. சிலுவையோ கோபுரமோ வண்ணக் கண்ணாடியோ இல்லை. தூரத்தில் இருந்து பார்த்தால் வைக்கோல் கொட்டகை என்பீர்கள். உள்ளே பெரிய கூடம் ஒன்று, சின்னது ஒன்று, நடுவே மேலிருந்து இறக்கி மூடும் மரத் தடுப்புகள். ஒரு காலத்தில் நிர்வாகக் கூட்டத்தை ஆண்களும் பெண்களும் தனித்தனியாக நடத்தினார்கள், அதற்காகச் செய்தவை. பின்னால் இடுகாடு. எல்லாக் கல்லும் ஒரே உயரம், பெயரும் தேதியும் மட்டும். 1850 வரை அந்தக் கல்லுக்கே அனுமதி கிடையாது. ஞாயிறன்று நாங்கள் வருவது பதினான்கு பேர்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டடத்தை நிபுணர் வந்து பார்ப்பது வழக்கம். அவர் ஏணி போட்டுக் கூரையோர மழைநீர்க் கால்வாயில் கையை விட்டு, ஒரு வாளி நிறைய மக்கிய இலையை அள்ளிப் போட்டார். மழைத்தண்ணீர் வருடக்கணக்கில் சுவரோடு வழிந்திருக்கிறது. போதாததற்கு, எப்போதோ யாரோ நல்லெண்ணத்தில் கல் இடுக்குகளை சிமென்ட்டால் அடைத்திருந்தார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் உள்பக்கமாகத் திரும்பி பூச்சைத் தள்ளும். ஊரில் எங்கள் பாட்டி வீட்டுக்கும் இதே வைத்தியம் செய்து இதே கதிதான் ஆனது. சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பில் மறுபடி செய்யும் செலவைப் பார்த்ததும் குழுவில் பாதிப் பேர் விற்றுவிடலாம் என்றார்கள். நானும் அதில் ஒருவன். நூலகத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தால் மௌனம் மௌனம்தானே?

விற்பதும் லேசில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில், கட்டடம் எங்களுடையதே இல்லை. சுற்றுவட்டாரக் கூட்டங்கள் எல்லாம் சேர்ந்த ஏரியா மீட்டிங்கின் சொத்து; பொறுப்பு அதன் அறங்காவலர்களுக்கு. அறக்கட்டளை நிலத்தை விற்பதென்றால் 2011 அறக்கட்டளைச் சட்டப்படி தகுதியுள்ள ஒருவரின் எழுத்துபூர்வ அறிக்கை வேண்டும், கிடைக்கக்கூடிய நல்ல விலைதானா என்று பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் இடுகாட்டில் கட்டடம் கட்ட 1884 சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. ஆகவே வாங்குகிறவரும் யோசிப்பார். சரி, எங்களுடையதுபோல அரசுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தை வைத்துக்கொண்டு மாற்றம் செய்யலாம் என்றால், இங்கிலாந்துத் திருச்சபை, கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள் போன்றோருக்கு அவரவர் சபைக்குள்ளேயே அனுமதி தரும் விலக்கு உண்டு, குவேக்கர்களுக்கு இல்லை. நாங்கள் எல்லோரையும்போல உள்ளூராட்சியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஜூனில் 'த்ரெஷிங் மீட்டிங்' வைத்தார்கள். களத்தில் கதிரடிப்பதுபோல எல்லாக் கருத்தையும் போட்டு அடிப்பது. முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. நம் மொழியில் போரடிப்பது. இரண்டு அர்த்தத்திலும் பொருத்தம். மூன்று மணி நேரம் ஓடியது. ஒருவர் தன் கல்யாணம் இங்கே நடந்ததைச் சொன்னார். இன்னொருவர், நாம் கும்பிடுவது கல்லையா என்று கேட்டார். நான் கணக்கு வாசித்தேன், ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை.

ஜூலையில் நிர்வாகக் கூட்டம். உறுப்பினர் அல்லாததால் கிளார்க்கிடம் அனுமதி கேட்டுத்தான் உட்கார்ந்தேன். கிளார்க் என்றால் குமாஸ்தா இல்லை. கூட்டத்தை நடத்தி, அதன் மனம் எங்கே நிற்கிறது என்று கேட்டறிந்து, அங்கேயே தீர்மானத்தை எழுதுகிறவர். ஓட்டெடுப்பு கிடையவே கிடையாது. பேச வேண்டியவர் எழுந்து நிற்க, கிளார்க் பெயர் சொன்னதும் பேசுவார்; அடுத்தவர் எழுவதற்கு முன் ஓர் இடைவெளி விட வேண்டும். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் மைக்கைப் பிடுங்கிப் பழகிய எனக்கு அந்த இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு யுகம்.

அதற்குள் நான் உட்பட முக்கால்வாசிப் பேர் வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் வந்துவிட்டோம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மட்டும் எழுந்தார். வயது எண்பத்திரண்டு, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் நாக்கு கூசும், இங்கே அதுதான் வழக்கம் என்றாலும். "எனக்கும் இந்த வீடு பிடிக்கும். பத்து வருடம் கழித்து அந்த ஏணியில் யார் ஏறுவார்?" அவ்வளவுதான் சொன்னார். கை தூக்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் அவரைத் தோற்கடித்திருப்போம். கிளார்க் எழுதியதோ, "நாங்கள் இன்னும் ஒருமனப்படவில்லை, இலையுதிர்காலத்தில் மறுபடி பேசுவோம்" என்று. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மழைக்காலம் காத்திருக்குமா?

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வாடகைப் பதிவேட்டைப் புரட்டினேன். வாரத்தில் ஒரு மணி நேரம் நாங்கள். மற்ற நேரமெல்லாம் தவழும் குழந்தைகளும் தாய்மாரும், குடியை விட்டவர்களின் வியாழக்கிழமைக் கூட்டம், யோகா, ஒரு பாடகர் குழு. நாங்கள் கிட்டத்தட்ட விருந்தாளிகள். அவர்களிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்டதே இல்லை. போய்க் கேட்டேன். பாடகர் குழுவிலேயே கூரை வேலை பார்ப்பவர் ஒருவர் இருந்தார்.

நவம்பரில் முடிவு வந்தது. அடுத்த ஐந்தாண்டு ஆய்வு வரை வைத்துக்கொள்வது. அப்போது இதே கேள்வியைத் திரும்பக் கேட்பது. வாடகைக்கு எடுப்பவர்களில் இருவர் பராமரிப்புக் குழுவில் சேர்வது. குளிர்காலத்தில் நாங்கள் மரத் தடுப்பை இறக்கிவிட்டுச் சின்னக் கூடத்தை மட்டும் சூடாக்கிக்கொண்டு உட்கார்வது, பெரியது மற்றவர்களுக்கு. கிளார்க் எழுதி வாசித்ததும் ஒரு மௌனம். பிறகு அங்கங்கே "ஹோப் ஸோ" என்ற முணுமுணுப்பு. சம்மதத்துக்கு அவர்கள் சொல்வது அதுதான்: அப்படித்தான் என்று நம்புகிறேன். பொறியாளரும் சொன்னார். தீர்மானம் ஏரியா மீட்டிங் போய் அறங்காவலர்களிடமும் தேறியது.

பணத்தில் ஓர் இடி உண்டு. பாதுகாக்கப்பட்ட வழிபாட்டிடங்களின் பழுதுபார்ப்புக்குக் கட்டும் 20% வாட் வரியைத் திருப்பித் தரும் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதுவும் 2026 மார்ச் வரைதான் என்று அறிவித்திருந்தார்கள். சுண்ணாம்பு வேலையோ உறைபனி விட்ட பிறகுதான் செய்ய முடியும், இல்லாவிட்டால் காரை இறுகுவதற்குள் உதிர்ந்துவிடும். ஜூலையிலேயே முடிவெடுத்திருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதை இன்னும் விடவில்லை.

கால்வாயை மட்டும் டிசம்பரில் சுத்தம் செய்தோம். ஏணியில் ஏறியது பாடகர் குழுக்காரர், கீழே பிடித்துக்கொண்டது நானும் பொறியாளரும். மேற்குச் சுவரில் இப்போதைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. காற்றடித்தால் ஞாயிறு மௌனத்தில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. யாரும் கண் திறப்பதில்லை.