ஆப்பிள்: கடையாகவும் பங்காகவும்

ஆப்பிள் பங்கை வாங்கலாமா என்று 2024 நிதியாண்டின் அறிக்கையைப் படிக்க உட்கார்ந்தபோது, ஒரு சின்ன வரி என்னை நிறுத்தியது. மொத்த விற்பனையில் 38 சதவீதம்தான் நேரடி விற்பனையாம். சொந்தக் கடைகள், இணையக் கடை, நிறுவனங்களுக்கு நேராக விற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். மீதி 62 சதவீதம் மொபைல் சேவை நிறுவனங்கள், மொத்த வியாபாரிகள், டீலர்கள் வழியாகப் போகிறது. அப்படியென்றால் இவ்வளவு செலவு செய்து கடை திறப்பது எதற்கு?

மகள் கட்டடக்கலையில் சேர்ந்திருந்த நேரம் அது. அவளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். சரி, இரண்டு விசாரணையையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

சென்னையில் அவர்களுக்குச் சொந்தக் கடை கிடையாது. வேலையாக மும்பை போனபோது, பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் இருக்கும் கடைக்குப் போனேன். 2023 ஏப்ரலில் தலைமை நிர்வாகி டிம் குக் வந்து திறந்து வைத்த, இந்தியாவின் முதல் ஆப்பிள் கடை. மேசைகளில் எல்லாம் திறந்த நிலையில் இயந்திரங்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். கடைப் பையன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "என்ன படிக்கப் போகிறார், எந்த மென்பொருள் தேவைப்படும்?" என்றுதான் முதலில் கேட்டான். கட்டடக்கலை என்றதும், "ரெவிட் மேக்கில் ஓடாது சார். அது கட்டாயமா என்று கல்லூரியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்" என்றான். விற்பனை கைநழுவினாலும் பரவாயில்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பதிலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கல்லூரியில் விசாரித்தோம். ரெவிட் வகுப்பு ஆய்வகக் கணினியிலேயே நடக்கும், வீட்டு வேலைக்கு ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் போதும் என்றார்கள். இரண்டுமே மேக்கில் ஓடும். கடைசியில் மேக்புக் ஏர் வாங்கியது சென்னையில் ஒரு டீலரிடம். கிரெடிட் கார்டு கேஷ்பேக்கோடு அங்கேதான் விலை படிந்தது. அதாவது மனதைத் தயார் செய்தது மும்பைக் கடை. பில் விழுந்தது 62 சதவீதக் கணக்கில். என் கேள்விக்குப் பதிலும் அதுதான். சொந்தக் கடையின் பலனை அந்தக் கடையின் விற்றுமுதலில் தேடினால் கிடைக்காது.

கடை வைத்த கணினி நிறுவனம் எல்லாம் பிழைத்துவிடவில்லை. பசுமாட்டுப் புள்ளி போட்ட பெட்டிக்குப் பேர்போன கேட்வே அமெரிக்கா முழுவதும் கடை திறந்தது. ஆனால் அங்கே பார்த்துவிட்டு ஆர்டர்தான் கொடுக்க முடியும். கையோடு எடுத்துப் போகச் சரக்கு இருக்காது. 2004இல் எல்லாவற்றையும் மூடினார்கள். மைக்ரோசாஃப்ட் 2020இல் மூடியது. ஆப்பிள் 2001 மே மாதம் வர்ஜீனியாவிலும் கலிஃபோர்னியாவிலும் முதல் இரண்டு கடைகளைத் திறந்தபோது, இதுவும் தேறாது என்று எழுதிய நிபுணர்கள் உண்டு.

இனி பங்குக்கு வருகிறேன். கணினி நிறுவனம் என்ற நினைப்போடு அறிக்கையைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே அது கலைந்துவிடும். 391 பில்லியன் டாலர் விற்பனையில் மேக் வெறும் 30 பில்லியன், எட்டு சதவீதம்கூட இல்லை. பாதிக்கு மேல் ஐபோன். சேவைகள் 96 பில்லியன். மொத்த லாப விகிதம், அதாவது விற்பனையில் அடக்கச் செலவு போக மிஞ்சுவது, பொருட்களில் 37 சதவீதம், சேவைகளில் 74 சதவீதம்.

எனக்கு மிகவும் பிடித்தது சரக்குக் கணக்கு. அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். சரக்கு தேங்கினால் பணம் தேங்கும் என்பார். ஆப்பிளின் கையிருப்புச் சரக்கு 7.3 பில்லியன் டாலர். ஆண்டு விற்பனைக்கான அடக்கச் செலவு 210 பில்லியன். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 13 நாள் சரக்குதான் கையில் இருக்கிறது. சப்ளையர்களுக்குத் தர வேண்டியதோ 69 பில்லியன், கிட்டத்தட்ட நான்கு மாதக் கடன். சப்ளையருக்குப் பணம் போவதற்கு வெகுமுன்பே சரக்கு விற்றுவிடுகிறது. இந்த வித்தையை 90களில் உலகத்துக்குக் காட்டியது டெல் நிறுவனம், அதுவும் 1994இல் சில்லறைக் கடைகளை விட்டு விலகி, நேரடி ஆர்டரை மட்டும் நம்பி. ஆப்பிள் அதைக் கடைகளோடு சேர்த்தே செய்கிறது.

உறுத்தலும் உண்டு. சேவை வருமானத்தில் ஒரு பெரிய துண்டு, ஆப்பிளின் இணைய உலாவியான சஃபாரியில் கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் தருவது. 2022இல் மட்டும் 20 பில்லியன் டாலர் என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் அதே வழக்கில் கூகுள் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு வந்தது. அடுத்தவர் கையில் இருக்கும் இந்த வருமானத்துக்கு முழு மதிப்புக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விலையும் அப்படித்தான். அந்த நிதியாண்டில் பங்கு ஒன்றுக்கு லாபம் 6.08 டாலர். ஐரோப்பிய வரித் தீர்ப்பால் வந்த ஒருமுறைச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் 6.75. டிசம்பர் கடைசியில் பங்கு 250 டாலர். லாபத்தைப் போல் 37 மடங்கு! கடைக்கு முழு மார்க் போடுவேன். ஆனால் இந்த விலைக்குப் பங்கில் பெருந்தொகை போடத் துணியவில்லை. ஒதுக்கி வைத்ததில் கால்வாசியை மட்டும் போட்டேன்.

பணம் அனுப்புவது பயப்படும் அளவுக்கு இல்லை. வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் ஏ2 படிவம், வெளிநாட்டுப் பங்கு முதலீட்டுக்கான நோக்கக் குறியீடு எஸ்0001, தரகு நிறுவனத்துக்கு, நான் அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம். இந்தக் கடைசிப் படிவம் கொடுத்தால், நிறுவனம் தரும் லாபப் பங்கான டிவிடெண்டில் 30க்குப் பதில் 25 சதவீதம் வரி பிடிப்பார்கள். அனுப்பும்போது வங்கி வசூலிக்கும் வரி, 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால்தான். வங்கிக் கட்டணம் ஒவ்வொரு முறையும் விழும் என்பதால், சிறுகச் சிறுக அனுப்பாமல் மொத்தமாக அனுப்புவது மேல்.

வேலை அதிகம் வருமான வரிப் படிவத்தில்தான். "ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையில் காட்டியாகணும் சார், அதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான கணக்கு, நம்ம ஏப்ரல்-மார்ச் இல்ல" என்றார் ஆடிட்டர். அமெரிக்காவில் பிடித்த வரியை இங்கே கழித்துக்கொள்ளத் தனியாக ஒரு படிவம். ஒவ்வொரு டிவிடெண்ட் வரும்போதும் அன்றைய தேதி, டாலர் தொகை, பிடித்த வரி மூன்றையும் எக்செல்லில் குறித்துவிடுகிறேன். ஜூலையில் ஆடிட்டர் கேட்கும்போது அந்தத் தாளை அப்படியே அனுப்பிவிடலாம்.