மார்கழியில் சேதுவும் குமரியும்

டிசம்பர் கடைசி வாரத்தில் சேது யாத்திரை என்று முடிவானபோதே, 22-ஆம் தேதி தனுஷ்கோடியில் இருக்க வேண்டும் என்று மனத்தில் உறுதி செய்துகொண்டேன். அன்று விடியற்காலை இராமநாதசுவாமி கோயிலில் ஸ்படிக லிங்க தரிசனம் கண்டு, அக்னி தீர்த்தத்திலும் பின்பு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடை மாற்றிச் சுவாமியையும் பர்வதவர்த்தினி அம்பாளையும் வணங்கிவிட்டுப் புறப்பட்டோம்.

வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் இராமபிரானிடம் சரணடைந்த இடம் என்று போற்றப்படும் அந்தச் சந்நிதியில் அண்ணலின் பக்கத்தில் விபீஷணனும் எழுந்தருளியிருக்கிறான். 1964-ஆம் ஆண்டின் பெரும்புயலுக்குத் தப்பி நின்ற கோயில் இது என்பதால், சுற்றிலும் நீர் தளும்பும் அந்த மேட்டில் நிற்கும்போது சரணாகதி என்பதன் பொருள் நெஞ்சில் அழுத்தமாக இறங்குகிறது.

தனுஷ்கோடியில் கூரையில்லாத மாதா கோயிலின் சுவர்களில், அரித்துப்போன பவளக் கற்களின் துளைகளில் மணல் அடைந்திருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை நெருங்கும் வேளையில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. அரிச்சல்முனையில் எள்ளும் நீரும் விடும்போது, அவர்களையும் நினைத்துக்கொள்ளலாமா என்று சாஸ்திரிகளிடம் கேட்டேன். தாய், தந்தை, சுற்றம், நண்பர் என எவருமே இல்லாதவர்களுக்கும் தர்ப்பணத்தின் முடிவில் ஒரு மந்திரம் உண்டென்று சொல்லி, அதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வைத்தார். கை நடுங்கியது.

அங்கிருந்து கன்னியாகுமரி. 1892 டிசம்பர் 25 முதல் 27 வரை சுவாமி விவேகானந்தர் தவத்தில் அமர்ந்த பாறை, அதற்கு முன்பே குமரி அம்மனின் திருப்பாதம் பதிந்த ஸ்ரீபாதப் பாறையாக வழிபடப்பட்டது. 1970-இல் எழுந்த மண்டபத்தைப் பார்க்க வருவோர் பலர் எதிரே உள்ள பாத மண்டபத்தில் நிற்காமலே திரும்புவது எனக்கு வருத்தமே.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அந்தப் பாறையில் சிக்கிக்கொண்ட பயணிகளைக் கரை சேர்த்தவர்கள் இவ்வூர் மீனவர்கள். தங்கள் குடியிருப்புகளே அலையில் சிதைந்த நாளில் அவர்கள் படகை இறக்கினார்கள். மூக்குத்தி ஒளிரும் அம்மனின் முன் அர்ச்சனைக்குத் தட்டு நீட்டியபோது, கடலுக்குப் போகிறவர்களின் நலத்துக்கென்று சொன்னேன்.