பெயர் மறைத்த ஆறு வழக்குகள்

மார்ச் 3

எங்கள் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வருக்கு, புகார்களைப் பார்த்துத் தீர்க்க இன்னொரு மாடரேட்டர் வேண்டும். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். வந்த விண்ணப்பங்களில் ஒன்றுதான் தேறியது. 'யாருக்கும் சார்பாக நடக்க மாட்டேன்' என்று எழுதியிருக்கிறார். எல்லாரும் எழுதுவதுதான். ஆளை எடைபோடும் வேலை என் தலையில்.

மார்ச் 5

பழைய வழக்குகளில் ஆறை எடுத்து, பெயர்களை அழித்து அவருக்கு அனுப்பினேன். யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் 2013இல் ஓவர்வாட்ச் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அப்போது புகாருக்கு ஆளானவரின் ஆட்டப் பதிவை அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அவர் யாரென்று தெரியாது, திரையில் 'சந்தேக நபர்' என்று மட்டும் இருக்கும்.

மார்ச் 8

ஐந்தில் அவர் முடிவும் எங்கள் முடிவும் ஒன்று. ஆறாவதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டுச் சுவரை உடைத்திருந்தார்கள், பெட்டியில் இருந்த வைரங்களைக் காணோம். சுவரை உடைத்தவரை அன்றே பேன் செய்தோம், அதாவது சர்வருக்குள் வரவே தடை. 'செய்தோம்' என்ன, செய்தது நான்தான். விண்ணப்பித்தவரோ, யார் எப்போது எதை உடைத்தார், எடுத்தார் என்று குறித்துவைக்கும் கோர்ப்ரொடெக்ட் பதிவை வரிவரியாகப் படித்திருக்கிறார். சுவர் உடைவதற்கு 28 நிமிடம் முன்பே பெட்டி காலி. எடுத்தவர் அதே வீட்டில் கூடவே குடியிருந்தவர். சுவரை உடைத்ததற்கு எச்சரிக்கை போதும், திருட்டை அவர் தலையில் கட்ட முடியாது என்று கீழே எழுதியிருந்தார். நான் அன்று சுவரைப் பார்த்தேன், பெட்டியைப் பார்க்கவில்லை.

மார்ச் 9

ஒரு வாரம் டிஸ்கார்டில், அதாவது எங்கள் ஆட்டக்காரர்கள் அரட்டையடிக்கும் இடத்தில், அதிகாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு.

மார்ச் 12

அரட்டையில் இரண்டு பேர் ஒரே மாதிரி கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார்கள். ஒருவர் புதியவர், அவருக்கு 1 மணி நேரம் டைம்அவுட், அதுவரை அரட்டையில் எழுத முடியாது. இன்னொருவர் நம் ஆளின் நெருங்கிய நண்பர். அவருக்கு 1 நாள்! ஏன் என்று கேட்டேன்.

"நண்பன்னு விட்டுட்டான்னு யாரும் சொல்லிடக்கூடாதுல்ல அண்ணா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சலுகை காட்டுகிறாரா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்ப உங்க பேரைக் காப்பாத்தத்தான் அவர் ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?" என்றேன். தட்டச்சு செய்கிறார் என்று வரும், போகும், மறுபடி வரும். கடைசியில் "சரி" என்று ஒரே சொல்.

மார்ச் 13

தண்டனையைக் குறைத்துவிட்டு, 'இரண்டு பேருக்கும் ஒரே அளவு இருந்திருக்க வேண்டும், தவறு என்னுடையது' என்று பொதுச் சேனலிலேயே எழுதியிருந்தார். நண்பனைக் காப்பாற்றிவிட்டார் என்று உடனே நாலு பேர் கிண்டல். பதிலுக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஓட்டு அவருக்குத்தான். ஒரே நிபந்தனை, நண்பர்கள் சம்பந்தப்பட்ட புகாரை வேறு மாடரேட்டர் பார்க்க வேண்டும்.

அப்புறம் சுவரை உடைத்தவர் மேல் போட்ட அந்தப் பழைய பேனை நீக்கினேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டு அவருக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 15

பதில் இன்னும் வரவில்லை.