கடைக்காரர் எழுதிக் கொடுத்த நாலு வாக்கியம்

முதலில் அந்த பஜாஜ்காரரைத் திட்டிவிடுகிறேன். எத்தியோப்பியாவில் ஆட்டோவுக்குப் பேரே பஜாஜ்தான். குராகே மக்கள் வாழும் வொல்கித்தே ஊரில் நடந்தே போயிருக்கக்கூடிய தூரத்துக்கு, ஊர்க்காரர்கள் தருவதைப் போல ஐந்து மடங்கு கறந்துவிட்டார். அன்றைய ராத்திரிச் சாப்பாட்டுக் காசு அதோடு போச்சு.

அடிஸ் அபாபாவிலிருந்து வந்த மினிபஸ் அதைவிட மோசம். சுமார் 155 கி.மீ., ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை. காற்றுப் பட்டால் உடம்புக்கு ஆகாதாம். வேர்த்து ஊறிப் போய் இறங்கினேன்.

சரி, மொழிக்கு வருகிறேன். அடிஸில் உள்ள மெர்காத்தோ சந்தையில், சோடோ என்ற குராகே வட்டாரத்தைச் சேர்ந்த கடைக்காரர் ஒருவர், 'குராகே மொழி' என்று நாலு வாக்கியம் எழுதிக் கொடுத்திருந்தார். எம்திபிர் என்ற குராகே ஊரின் சந்தையில் அதைப் பெருமையாக வாசித்தேன். கொச்சோ என்ற புளித்த ரொட்டி விற்ற அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே பேசுவது செஹா. அவர் எழுதித் தந்தது கிஸ்தானே. குராகே என்பது ஒரே மொழி இல்லை! மேற்கே 'செபாத் பேத்', அதாவது ஏழு வீடு: செஹா, எஜா, குமெர், இனோர் என்று நீளும். கிழக்கே இருக்கும் சில்தே மொழிக்கு ஹரார் நகரத்து ஹராரி மொழிதான் நெருங்கிய சொந்தம். சில்தேக்காரர்களைக் குராகே என்று சொல்லிவிடாதீர்கள். 2001-இல் வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்தவர்கள்.

அப்புறம் கித்ஃபோ. கொத்திய பச்சை மாட்டிறைச்சி, மசாலா வெண்ணெய், மித்மித்தா மிளகாய்ப்பொடி. பயந்துபோய் 'லெப் லெப்' என்று லேசாகச் சூடு காட்டச் சொன்னேன். கூடவே கொச்சோ. அது என்செத் என்ற மரத்திலிருந்து வருவது. அந்த மரம் வாழைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் பழத்தைச் சாப்பிடுவதில்லை. தண்டையும் கிழங்கையும் சுரண்டி, இலை விரித்த குழியில் மாதக்கணக்கில் புளிக்க வைத்துச் சுடுகிறார்கள். புளித்த தோசைமாவு வாசம், ரப்பர் மாதிரி இழுவை. முதல் வாயில் முகம் சுளித்தேன், நாலாவது வாயில் இன்னொன்று கேட்டேன்.

பக்கத்து மேஜையில் இருந்த வாத்தியார் பில்லின் பின்பக்கத்தில் செஹா பாடமே நடத்திவிட்டார். ஆணிடம் 'நேசி' என்றால் 'நிமெத்'. பெண்ணிடம் 'நிமெஜ்'. தனியாக விகுதி கிடையாது, கடைசி மெய் குழைந்தால் போதும்! நான் பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். பரிமாறிய பெண் பத்து தடவையும் திருத்தினார்.

அந்த பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பதில்லை. கித்ஃபோ அங்கேயும் மலிவு இல்லை.