இளவரசி மேல் ஏறி ஒரு கடல் பயணம்

கோபன்ஹேகனிலிருந்து ஹாம்பர்க் போகும் பேருந்து, ரோட்பி துறைமுகத்தில் அப்படியே கப்பலுக்குள் ஏறிவிட்டது. கீழ்த்தளத்தில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் இறங்கி மேலே போகவேண்டும். 2019 டிசம்பர் வரை ரயிலே இப்படித்தான் கப்பலேறியது. முக்கால் மணி நேரத்தில் ஜெர்மனியின் புட்கார்டன்.

நாங்கள் ஏறிய கப்பலின் பெயர் 'பிரின்செஸ்ஸே பெனெடிக்டே'. 2024 தொடக்கம் வரை டென்மார்க்கை ஆண்ட அரசி மார்கரெத்தேவின் தங்கை பெயர் அது. நடுக்கடலில் எதிரே ஒரு கப்பல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பெயரைப் படித்தேன்: 'பிரின்ஸ் ரிச்சர்ட்'. பெனெடிக்டே 1968இல் மணந்த ஜெர்மானிய இளவரசர்! இரு நாட்டுக்கும் நடுவே ஓட 1997இல் வந்த டேனிஷ் ஜோடிக் கப்பல்களுக்கு இந்தத் தம்பதியின் பெயரை வைக்கத் தோன்றியதே, அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்தது. ரிச்சர்ட் 2017இல் காலமாகிவிட்டார்.

கதைகளில் இளவரசிக்கு இப்படி ஓடிக்கொண்டே இருக்கும் வாழ்வு கிடைப்பதில்லை. டேனிஷ் கதாசிரியர் ஆண்டர்சன் 1835இல் எழுதிய பட்டாணிக் கதையின் இளவரசி, கொட்டும் மழையில் தனியாக வந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறாள். எவ்வளவு துணிச்சல்! ஆனால் இருபது மெத்தைக்கு அடியில் கிடந்த பட்டாணி உறுத்தியது என்று சொன்னதும், நிஜ இளவரசிதான் என்று கல்யாணம், கதை முடிந்தது. நார்வே நாட்டுப்புறக் கதைகளில் இன்னும் மோசம். கண்ணாடி மலை உச்சியில் மடியில் மூன்று தங்க ஆப்பிள்களோடு உட்கார்ந்திருப்பாள். மலையேறி ஜெயிக்கும் கடைக்குட்டிப் பையனுக்கு அவளோடு பாதி ராஜ்ஜியமும் பரிசு.

நிஜ நார்வே இளவரசி ராக்ன்ஹில்ட் 1930இல் பிறந்தார். அடுத்த வருடமே அவர் பெயரில் வடகடற்கரைக்கு ஓடும் பயணிகள் கப்பல் வந்துவிட்டது. 1940இல் போடோ அருகே அது மூழ்கியது. பெண்ணுக்கு அரியணை உரிமை இல்லாத காலம், எனவே பாதி ராஜ்ஜியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தன் மெய்க்காவலராக இருந்த, கப்பல் முதலாளி குடும்பத்துப் பிள்ளை எர்லிங் லோரன்சனை 1953இல் மணந்து பிரேசிலுக்குப் போனார். கடைசிவரை அங்கேதான், 2012இல் ரியோவில் காலமானார்.

1981இல் நார்வேயின் ஆஸ்லோவுக்கும் ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்கும் இடையிலான தடத்துக்கு மறுபடியும் ஒரு 'பிரின்செஸ்ஸே ராக்ன்ஹில்ட்' வந்தது. அப்புறம் அதை விற்றார்கள். அதுவும் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், 'பஹாமாஸ் செலிப்ரேஷன்' என்ற பெயரில் ஃபுளோரிடாவிலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓடியது.