டிஸ்ப்ளே போய்விட்டது என்று யார் சொன்னாலும், முதலில் அதன் பின்னால் இருக்கும் கான்ட்ராஸ்ட் ப்ரீசெட்டைத் திருப்பிப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பு. சொட்டுநீர்த் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது மோட்டார் ரூமிலேயே தெரிய வேண்டும் என்று அர்டுயினோ ஊனோ (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டுகிற சின்ன போர்டு), ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், 16 எழுத்து 2 வரி எல்சிடி திரை மூன்றையும் சேர்த்தேன். சென்சார் முதல் நாளே சரியாக அளந்தது. எல்சிடியில் மட்டும் வெறும் நீல வெளிச்சம். ஒரு எழுத்துகூட இல்லை.

வயர்களை மூன்று தடவை பிடுங்கி மாட்டினேன். தகவல் போகிற வயர்களான எஸ்டிஏ ஏ4-ல், எஸ்சிஎல் ஏ5-ல், ஐந்து வோல்ட், கிரவுண்டு எல்லாம் சரி. கிருஷ்ணகிரியில் வாங்கின கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் அதற்குக் கரண்டுகூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. "இது போயிடுச்சு சார், திருப்பி எடுக்க மாட்டோம். புதுசு இப்ப ஸ்டாக் இல்ல, பெங்களூர்ல பாருங்க" என்றார். நானும் நம்பிவிட்டேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை பெங்களூருக்குப் பஸ் ஏறி 90 கிலோமீட்டருக்கு மேல் போய், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் அதே மாதிரி ஒன்று வாங்கி, இருட்டின பிறகு வீடு வந்தேன். மாட்டினால் இதிலும் எழுத்து இல்லை. மேல் வரியில் 16 வெள்ளைக் கட்டங்கள் மட்டும். உட்கார்ந்தே விட்டேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ஏம்ப்பா, ரெண்டுமேவா கெட்டிருக்கும்?" என்றார். அவருக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு விடிந்தது.

ஐ2சி ஸ்கேனர் புரோகிராமை ஏற்றினேன். அந்த இரண்டு வயரில் மாட்டியிருக்கும் சிப் எந்த முகவரியில் பதில் சொல்கிறது என்று அது தேடிக் காட்டும். நெட்டில் தேடினால் கிடைக்கும், இருபது முப்பது வரிதான். கம்ப்யூட்டரின் சீரியல் மானிட்டரில் 0எக்ஸ்3எஃப் என்று வந்தது. என் புரோகிராமிலோ 0எக்ஸ்27! எல்சிடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன போர்டின் சிப்பை செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். பழையதில் பிசிஎஃப்8574டி, புதியதில் பிசிஎஃப்8574ஏடி. நடுவில் ஒரு 'ஏ' கூடுதல், அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தால் முகவரியே மாறிவிடுகிறது. புரோகிராமில் அதை மாற்றியதும் எழுத்து பளிச்சென்று வந்தது.

சரி, அப்படியானால் பழையது? அதையும் மாட்டி ஸ்கேன் செய்தேன். 0எக்ஸ்27 என்று ஒழுங்காகப் பதில் சொன்னது. கெட்டுப்போன சிப்பாக இருந்தால் பதில் வராதே! புரோகிராமில் பழைய முகவரியைப் போட்டு ஏற்றி, ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தேன். நீலத்துக்குள் நிழல் மாதிரி நான் எழுதின எழுத்துகள். இத்தனை நாளும் அது தண்ணீர் அளவைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கான்ட்ராஸ்ட் இல்லாததால், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் போதாததால், நம் கண்ணுக்குத் தெரியவில்லை. போர்டில் நீலச் சதுரமாக, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கிற ஒரு ப்ரீசெட் இருக்கும். அதன் ஸ்க்ரூவைச் சின்ன டெஸ்டரால் கால் சுற்று திருப்பினேன். முடிந்தது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். வெளிச்சம் இருந்து திரை வெறுமையாக இருந்தால், முதலில் ப்ரீசெட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். எழுத்து வராமல் மேல் வரியில் மட்டும் கட்டங்கள் வந்தால் கான்ட்ராஸ்ட் இருக்கிறது, தகவல்தான் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது ஸ்கேனர் போட்டு முகவரி பாருங்கள். ஸ்கேனரில் ஒன்றுமே வராவிட்டால் வயரையும் சால்டரிங்கையும் சந்தேகப்படுங்கள். பின்னால் போர்டு இல்லாமல் 16 பின்னையும் நேராக இணைப்பவர்கள் 3வது பின்னுக்கு, கான்ட்ராஸ்ட்டுக்காக, 10 கே பாட் (திருப்பி மாற்றும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்) வைத்திருக்கிறீர்களா, 5வது பின் கிரவுண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு எடுத்துப் போனால், உங்கள் கண் முன்னால் கரண்டு கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் சொல்கிற பதிலை நம்பி பஸ் ஏறாதீர்கள்.

பழையதையே மோட்டார் ரூமில் மாட்டிவிட்டேன். மத்தியான வெயிலில் தகரக் கூரை காய்ந்ததும் எழுத்துக்குப் பின்னால் கட்டங்கள் லேசாக வெளுத்துத் தெரிந்தன. சூட்டில் கான்ட்ராஸ்ட் ஏறும். ப்ரீசெட்டைக் கொஞ்சம் பின்னால் திருப்பி வைத்தேன். இப்போது அப்பா தொட்டி மேல் ஏறுவதில்லை. வாசலில் நின்றே படித்துவிடுகிறார்.